பின் இடது மட்கார்டைத் திறந்து பார்க்க வேண்டி

அனுப்புநர்:
டிங்கரிங் வேலை செய்பவன்
(வண்டி உரிமையாளரின் உடன்பிறந்த தம்பி),
டயர்க் கடைக்குப் பின்புறமுள்ள பட்டறை.

பெறுநர்:
பதிவு அதிகாரி அவர்கள்,
பழமை வாகனப் பதிவு அலுவலகம்.

பொருள்: 27ஆம் எண் கூபே (இரண்டு கதவுக் கார்) வண்டியை 'நகல்' என்று தள்ளிய அறிக்கை – குற்றம் வண்டியின் மேல் இல்லை, என் மேல் – மறு ஆய்வு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி வண்டி காலஞ்சென்ற என் அத்தானுடையது. இப்போது என் அக்காவின் பெயரில் உள்ளது. எப்போதோ மூடப்பட்ட ஒரு தொழிற்சாலை இந்த வகையில் மொத்தம் நாற்பத்தொரு வண்டிகளே செய்தது. இது இருபத்தேழாவது. அத்தான் முப்பது வருடம் இதைத் துடைத்தே காலத்தை ஓட்டியவர். அவர் இருந்தவரை அக்கா இந்த வண்டியைச் 'சக்களத்தி' என்றுதான் சொல்வார். அவர் போன பிறகு தினமும் சாயங்காலம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். கேட்டால் "காத்து வாங்குறேன்" என்கிறார். கண்ணாடி இரண்டும் ஏற்றியே இருக்கும்.

2. இம்மாதம் 9ஆம் நாள் தங்கள் அலுவலக அறிக்கை வந்தது. வண்டி அசல் அல்ல, நகல் என்று அதில் கண்டிருக்கிறது. முப்பதாம் தேதிக்குள் பதிவேட்டில் ஏறாவிட்டால், வயது கடந்த வண்டி என்று உடைப்புக் கூடத்துக்குப் போய்விடும். அறிக்கையைப் படித்துவிட்டு அக்கா கேட்டது ஒரே கேள்வி: "அப்போ முப்பது வருஷமா என்கிட்ட பொய்யா சொன்னாரு?" அன்றிலிருந்து அவர் வண்டிக்குள் போய் உட்காருவதில்லை.

3. அறிக்கை இரண்டு காரணங்கள் சொல்கிறது. முதலாவது: இந்த வண்டிகளின் உடம்பு கையால் தட்டிச் செய்யப்பட்டது, ஒன்றின் கதவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. மாறிப்போகாமல் இருக்க, தொழிற்சாலையில் ஒவ்வொரு தகட்டின் உட்புறமும் வண்டி எண்ணை நீலப் பென்சிலால் எழுதியிருப்பார்கள். இரண்டு கதவு, பானெட், டிக்கி மூடி, டேஷ்போர்டின் பின்பக்கம், பின் இடது மட்கார்டு என ஆறு இடங்கள். எங்கள் வண்டியில் ஓரிடத்திலும் எண் காணப்படவில்லை என்று எழுதப்பட்டுள்ளது. காணப்படாததற்குக் காரணம் நான்.

4. ஆய்வுக்கு நான்கு நாள் முன்பு அக்கா வண்டியை என் பட்டறையில் விட்டு, "பெரிய எடத்துலேர்ந்து வராங்கடா, மானத்தைக் காப்பாத்து" என்றார். நானும் காப்பாற்றினேன். கதவுகளின் உள்பக்க அட்டைகளைக் கழற்றினேன். உள்ளே நீலக் கிறுக்கல் இருந்தது. எந்தக் குழந்தையோ கைவரிசை காட்டியிருக்கிறது என்று தின்னர் ஊற்றித் துணியால் அழுத்தித் துடைத்தேன். ஒன்றல்ல, ஐந்து இடங்களில் துடைத்தேன். கிறுக்கலோடு வண்டியை வெளியே விடுவது எங்கள் தொழிலில் கேவலம்.

5. ஆய்வாளர் அம்மையார் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியோடு வந்து ஒரு மணி நேரம் பார்த்தார். 27 என்று பொறித்திருந்த எண் தகட்டைப் பார்த்து "இதை யாரு வேணும்னாலும் அடிச்சு மாட்டலாம்" என்றார். பிறகு கதவுக்குள் பார்த்து, "இவ்வளவு சுத்தமா இருக்கே, யாரு பண்ணது?" என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து, "நான்தாம்மா" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அதை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. துடைத்த துணியை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் நீலம் இன்னும் தெரிகிறது.

6. இரண்டாவது காரணம்: பின் இடது மட்கார்டின் உட்புறம் பிற்காலத் தகடு ஒன்று இருப்பதால், அது வேறு வண்டியின் பாகமாக இருக்கலாம் என்பது. அதுவும் நான்தான் ஐயா. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

7. பத்தொன்பது வருடத்துக்கு முன் அத்தான் வெளியூர் போயிருந்தபோது, கேட்காமல் வண்டியை எடுத்தேன். இப்போது என் மனைவியாக இருப்பவர் அப்போது பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் கொஞ்சம் பந்தா காட்ட ஆசை. அவர் ஏறவில்லை, பேருந்தில் போய்விட்டார். அந்த அவமானத்தில் ரிவர்ஸ் எடுத்து வீட்டு கேட் தூணில் இடித்தேன். மட்கார்டு கிழிந்தது. வெல்டிங் வைத்தால் பெயிண்ட் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று, உள்ளே ஒரு தகட்டை வைத்து ரிவெட் அடித்து, வெளியே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தேன். திரும்பி வந்த அத்தான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "வண்டி நல்லா இருக்கா?" என்றார். "நல்லா இருக்கு அத்தான்" என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

8. அறிக்கையைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தகட்டை வைக்கும்போது அடியில் நீலமாக ஏதோ எழுதியிருந்தது. என் தின்னர் துணி எட்டாத ஒரே இடம் அதுதான். ஆனால் இருபத்தேழுதான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அன்று நான் எண்ணைப் பார்க்கவில்லை, அத்தான் வந்துவிடுவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருட ஈரத்தில் அது அழிந்திருக்கவும் கூடும். டிரில்லை மூன்று முறை கையில் எடுத்து மூன்று முறையும் கீழே வைத்துவிட்டேன். தனியாகத் திறந்தால் நானே எழுதிவிட்டேன் என்று சொல்வீர்கள். சொன்னால் தப்பும் இல்லை.

9. ஆகவே, முப்பதாம் தேதிக்கு முன் ஒரு நாள் குறித்து, ஆய்வாளர் அம்மையார் முன்னிலையில், தங்கள் அலுவலக முற்றத்திலேயே அந்தத் தகட்டைக் கழற்ற அனுமதிக்குமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எண் இல்லாவிட்டால் என் மேல் எந்த நடவடிக்கை எடுத்தாலும் சரி. என் அத்தானைப் பொய்யர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாகத்தைக் கழற்ற உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்பது விதி. அதனால் இம்மனுவை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை வெளியே நிற்கப் போகிறேன்.

நாள்: இம்மாதம் 16
இடம்: பட்டறை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: அறிக்கை நகல் ஒன்று, துணி ஒன்று.

உரிமையாளரின் ஒப்புதல் (கைப்பட எழுதியது):

படிச்சேன். திறக்கச் சம்மதம். மட்கார்டு விஷயம் அவருக்கு அன்னைக்கே தெரியும். "உன் தம்பி எங்கயோ இடிச்சிருக்கான், அவனா வந்து சொல்லட்டும்"னு என்கிட்ட சொன்னாரு. அதுக்கப்புறம் அந்த எடத்தை மட்டும் எந்தப் பட்டறைக்காரனையும் தொட விடல. கடைசி வரைக்கும் காத்துக்கிட்டுதான் இருந்தாரு. ரிவெட்டை இவனே கழட்டட்டும். டார்ச்சை நான் பிடிச்சுக்கறேன்.

(ஒப்பம்)