கால் மீன்

ஜூன் 1992, செவ்வாய் இரவு. திருநின்றவூர்.

காலையில் பக்கத்து வீட்டு வேணி அக்கா வந்து, "கெணத்துல மீனு பூரா செத்து மெதக்குதும்மா, தண்ணி நாறிகினு கீது" என்றாள். அவர்கள் குடிக்கிற தண்ணீர். அவளுக்குக் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

கொசுப்புழுவைத் தின்னத்தான் அக்கா வீட்டுக் கிணற்றில் கப்பி மீன் விட்டிருந்தார்கள். மீனும் புழுவும் மாறி மாறிப் பெருகிக் குறைவதைச் சொல்லும் என் எம்.ஃபில் சமன்பாட்டை வெளியிலிருந்து எதுவும் கெடுக்கக்கூடாதென்று கிணற்றுக்குப் பொடிக்கண் வலை கட்டச் சொன்னது நான். மீனுக்குச் சோற்றுப் பருக்கை போட்ட அக்காவைத் தடுத்ததும் நான். "மீன் கொறஞ்சா புழு பெருகும், புழு பெருகுனா மீன் பெருகும், கவலைப்படாதீங்கக்கா" என்றேன். வலையைத் தாண்டிக் கொசு எப்படி உள்ளே போய் முட்டையிடும்? எனக்குத் தோன்றவேயில்லை.

சாயங்காலம் எங்கள் அடிபம்பில் தண்ணீர் பிடிக்க வந்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "உன் கணக்குல மறுபடி மீனு வந்துடும்ல?" என்றாள்.

"வந்துரும்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மீன்களின் கோடு இறங்கி இறங்கி, ஒன்றுக்கும் கீழே, கால் மீன் வரை போய், அங்கிருந்து அழகாக மேலே ஏறுகிறது. கைடு பாராட்டிய இடம் அது. கால் மீன் எப்படிக் குட்டி போடும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விடிந்தால் அக்கா குடத்தோடு வருவாள்.