எடைமேடைக் கம்ப்யூட்டரும் மச்சானின் சந்தேகமும்

மச்சான்,

இன்று காலை எடைமேடை அறையைத் திறந்ததும் சூடேறிய தூசி வாசனை. உன் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. திரையில் ஒரே வரி: இந்த ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை. நீ போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் மாங்காய் சீசன் இது. வெளியே லாரி வரிசையின் வால் கிருஷ்ணகிரியைத் தாண்டிச் சென்னைக் கடலில் நனைந்துகொண்டிருந்தது. எடைச்சீட்டு இல்லாமல் மாங்கூழ் ஆலையில் இறக்க மாட்டார்கள். இறக்காத மாங்காய் வெயிலில் வெந்துபோகும்.

முன்பு பெங்களூரிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தாரே. "இதோட காலம் முடிஞ்சுது சார். புது லினக்ஸ் இதுல ஓடாது, மாத்திடுங்க" என்றார். நீ அவரை மேலும் கீழும் பார்த்து, "ஓடாதா, இல்ல ஓட வேணாம்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாய். மனிதர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒவ்வொரு மென்பொருள் பேக்கேஜையும் மூலநிரலிலிருந்து எடுத்து, இந்தப் பழைய ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகளை மட்டும் கொண்டு மறுபடி உருவாக்கினாய். மெஷின் ராப்பகலாகக் கொதித்த அந்தச் சூட்டில்தான் அந்த வருஷம் ஓசூரில் குளிரே வரவில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்தேன்.

உன் கையால் செய்ததையும் நீ நம்பமாட்டாய்.

"அதான் ஓடுதே மச்சான், அப்புறம் என்ன?"

"செஞ்ச மெஷின்லயே ஓடுனா அது சாட்சி ஆவாது. கெழவன்கிட்ட போட்டுக் கேளு."

கிழவன் என்றது மூலையிலிருந்த அதே வயது உதிரிக் கம்ப்யூட்டரை. என்னை இல்லை என்றே இன்றுவரை நம்பி வருகிறேன்.

நேற்று தானாக வந்த அப்டேட் உன் பேக்கேஜைத் தூக்கிவிட்டு, புது மெஷின்களுக்கான பொதுவானதை அங்கே உட்கார வைத்திருந்தது. என் புது லேப்டாப்பில் நானே மறுபடி உருவாக்கினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜன்னலில் கன்னடக்கார டிரைவர், "ஆய்த்தா அண்ணா, முடிஞ்சுதா? மாங்கா வெந்துபோவுது, போட்டுவுடுங்க" என்றார். நேராக எடைமேடையில் ஏற்றிவிட விரல் பட்டன் வரை போனது. இவ்வளவு சுலபமாக ஓடியதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கிழவனில் போட்டேன். அங்கேயே படுத்துவிட்டது. என் லேப்டாப்பின் ப்ராசஸரை மோப்பம் பிடித்து, அதன் புதுக் கட்டளைகளைச் சத்தமில்லாமல் சேர்த்திருந்தது. நேராக எடைமேடையில் போட்டிருந்தால் மிச்சமும் படுத்திருக்கும்.

எந்த ப்ராசஸருக்கு என்று நானே எழுதிக் கொடுத்து, திரும்ப உருவாக்கி, கிழவன் சரி என்ற பிறகே எடைமேடையில் போட்டேன். முதல் லாரி ஏறியது. திரையில் எடை விழுந்தது.

பேக்கேஜில் பராமரிப்பவர் பெயர் போட வேண்டிய இடத்தில் உன் பெயரையே அடித்தேன். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாளைக்கு இது படுத்தால் திட்டு உனக்குத்தான் வரும். பொறுக்கவில்லையென்றால் வந்து பதில் சொல்.