ஜனாதிபதி பாட்டுப் போடச் சொன்னார்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதக் கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். போனில் அப்பா ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று நீ அம்மாவிடம் சண்டை போடுகிறாயாம். கோபமெல்லாம் ஒன்றுமில்லை அம்மா, என் தாடை உடைந்து பல்லோடு பல்லைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வாயைத் திறக்க முடியாது. எல்லாவற்றையும் கரைத்துக் குழாய் வைத்து உறிஞ்சுகிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் இப்போதுதான் தான் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒருத்தர் பேசாமல் இருக்கிறார் என்று உன் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, உள்ளே வந்து சமையலறையில் நின்று அழுகிறாள். மைக் செட்டை இறக்கும்போது தவறி விழுந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள், நீ பதறிக்கொண்டு விமானம் ஏறிவிடுவாய் என்று பயம். நான் விழவில்லை. என்ன நடந்தது என்று முழுவதும் எழுதுகிறேன், மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது படி.

கடைசியாகப் பேசியபோது நீ என்னை ஒன்று கேட்டாய். புது ஜனாதிபதிக்கு நாட்டை ஆளும் தகுதி இருக்கிறதா இல்லையா என்று இங்கே ஆளாளுக்குப் பேசுகிறார்களே, நீங்கள்தான் அவரை மேடையில் பக்கத்திலிருந்து பார்க்கிறவர், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாய். வெற்றிக் கூட்டம் முடியட்டும் சொல்கிறேன் என்றேன். அன்றே பதில் சொல்லியிருந்தால் தயங்காமல் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். தேர்தல் முழுக்க அவருடைய கூட்டங்களுக்கு நம் மைக் செட்தான். மழையில் நனைந்துகொண்டே பேசியிருக்கிறார், தொண்டை கட்டிய நாளில்கூட வந்திருக்கிறார், மேடையிலிருந்து இறங்கும்போது சாப்பிட்டீங்களா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் போவார். நான் ஓட்டுப் போட்டது அவருக்குத்தான், உன் அண்ணன் அவர் கட்சியில் சேர்ந்து சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு அலைந்ததும் உனக்குத் தெரியும். அவரிடம் முன்கோபம் இருக்கிறது, கூட இருக்கிறவர்கள் முரடர்கள் என்று சலூன் கடையில் பேசுவார்கள், நான்தான் எதிர்த்துப் பேசுவேன். வாக்கு எண்ணிக்கைக்கு முதல் நாள் கடைத்தெருவில் அவர் ஆட்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் கடை என்று சொல்லிச் சில கடைகளை எரித்தார்களே, அதில் நம் கடிகாரக் கடைக்காரர் கடையும் போயிற்று. உன் முதல் கைக்கடிகாரத்துக்குப் பட்டை போட்டுத் தந்தாரே, அவர்தான். அவருக்கு எந்தக் கட்சியும் கிடையாது, பக்கத்துக் கடை எரிந்த நெருப்பில் அவர் கடையும் சேர்ந்து எரிந்தது. அப்போதுகூட இது கீழே இருக்கிறவர்கள் செய்த வேலை, தலைவருக்குத் தெரிந்திருக்காது என்று நான்தான் சொன்னேன்.

வெற்றிக் கூட்டம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில். சாயங்காலம், வெயில் இன்னும் போகவில்லை, ஆளுக்கு ஆள் முகம் தெரிகிற வெளிச்சம். நான் வழக்கம்போல மேடையின் இடது ஓரத்தில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கையில் ஒரு மாற்று மைக். உன் அண்ணன் கீழே கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் கூட்டத்தை ஒழுங்கு செய்கிறவர்களோடு நின்றான். ஜனாதிபதி நன்றாகத்தான் பேசினார். எனக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் நான்தான் ஜனாதிபதி என்று சொல்லிக் கைதட்டலுக்காக நிறுத்தினார். கைதட்டல் அடங்குகிற நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கை உயர்ந்தது. கடிகாரக் கடைக்காரர். பெண்சாதியோடு வந்திருந்தார். சத்தம்கூடப் போடவில்லை, ஆனால் அந்த இடைவெளியில் மேடைவரை தெளிவாகக் கேட்டது.

"எல்லாருக்கும் ஜனாதிபதின்னா, எங்க கடைய எரிச்சவங்கள என்ன செய்யப் போறீங்க ஐயா?"

அவ்வளவுதான் கேட்டார். ஜனாதிபதி அவரைப் பார்த்தார், சிரித்தார், மைக்கில் யாருப்பா இந்த ஆளு என்று கேட்டார். கீழே நின்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது. முதலில் ஒருவன் பிடரியில் அடித்தான், மூக்குக் கண்ணாடி தெறித்தது, அதை எடுக்கக் குனிந்த மனிதனை நிமிரவே விடவில்லை. கொடிக் கம்பால் முதுகில் அடித்தார்கள், ஒருவன் இரும்பு நாற்காலியை மடக்கி அதன் விளிம்பால் முகத்தில் இடித்தான். வெள்ளைச் சட்டை மார்புவரை சிவப்பானதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். அவர் பெண்சாதி ஒருவன் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினாள், அவன் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டே உதைத்தான். அவர் விழவில்லை, ஏனென்றால் பின்னாலிருந்து ஒருவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவைத்து விலாவில் குத்திக்கொண்டிருந்தான். மகளே, அது உன் அண்ணன்.

நான் எழுந்து ஓடிப் போய் ஜனாதிபதியின் சட்டைக் கையைப் பிடித்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஐயா, நீங்கள் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றேன். அவருக்கு முன்னால் மைக் இருந்தது, மைதானம் முழுக்க என் ஒலிபெருக்கிகள் இருந்தன, விடுங்கப்பா என்று ஒரு சொல் போதும். அவர் உள்ளங்கையால் மைக்கை மூடிக்கொண்டார். முகத்தில் கோபமில்லை. மழை நிற்கட்டும் என்று கடை வாசலில் ஒதுங்கி நிற்கிறவர்கள் முகம் இருக்குமே, அப்படி இருந்தது.

"கொஞ்சம் ஆடிட்டு அடங்கிருவாங்க. நீங்க பாட்டப் போடுங்க" என்றார்.

நான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். பாட்டுப் போடவில்லை. அவர் மைக்கின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, என் கையில் இருந்த மைக்கைத் திறந்தேன். என்ன பேசுவது என்றெல்லாம் யோசிக்கவில்லை. பாலைத் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு மூக்கில் நுரையோடு நிற்பான் என்று உன் அண்ணனுக்குச் சின்ன வயதில் நாம் வைத்த பெயர்தான் வாயில் வந்தது.

"டேய் பூனை. கைய எடுடா."

மைதானத்தின் நாலு மூலையிலும் அது கேட்டது. டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம். ஆறடி வளர்ந்து மீசை வைத்த பிள்ளை, யாரோ முதுகில் வெந்நீரைக் கொட்டியதுபோல உதறிக்கொண்டு கையை எடுத்தான். பெயர் யாருடையது என்று தெரியாமல் மற்றவர்களும் ஒரு கணம் நின்றார்கள். அந்தக் கணத்தில் கடிகாரக் கடைக்காரர் பெண்சாதியும் ஐஸ் விற்கிற ஒருவரும் அவரைத் தடுப்புக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனார்கள். அவரை அடிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு வழி விடுங்க என்று நான் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு பேட்ஜ்காரர்கள் மேடை ஏறினார்கள். ஆம்ப்ளிஃபயரை உதைத்துக் கீழே தள்ளினான் ஒருவன். இன்னொருவன் மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் இருக்கும் வட்ட இரும்பால் என் முகத்தில் அடித்தான். வலி அப்போது தெரியவில்லை, பல் நாக்கில் உருண்டதுதான் தெரிந்தது. விழுந்த பிறகும் உதைத்தார்கள். உன் அண்ணன் மேடைமேல் தாவி வந்து, காலையில் தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் மூக்கை முட்டியால் உடைத்தான், ஸ்பீக்கர் வயரை மடித்துப் பிடித்துச் சுழற்றி அடித்தான், எவனோ கத்தியால் அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கீறிவிட்டான், அதோடே என்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டான். அவன் ரத்தம் என் காதுக்குள் வழிந்தது. அவன் அக்குளுக்கு அடியில் தெரிந்த இடைவெளி வழியாக ஜனாதிபதி காருக்குப் போவதைப் பார்த்தேன். மேடையெல்லாம் வயர் கிடந்ததே, கால் தடுக்காமல் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துப் போனார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

டிவியில் சிறு சலசலப்பு என்று சொன்னார்களாம். கடிகாரக் கடைக்காரருக்கு மூன்று விலா எலும்பு உடைந்தது, வலது கண் போய்விட்டது. பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்வாரே, அந்தக் கண். ஆஸ்பத்திரியில் என் கட்டிலிலிருந்து பார்த்தால் அவர் கட்டில் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கட்சி ஆட்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, மேடையிலிருந்து தவறி விழுந்தேன் என்று சொல்லிவிட்டால் எல்லாச் செலவும் அவர்களுடையது என்று குனிந்து காதில் சொன்னார்கள். எனக்கு வாய் இல்லை, உன் அம்மாவுக்கு இருந்தது. இவர் விழுந்தாருன்னா அவருக்குக் கண்ணு எங்கய்யா விழுந்துச்சு, தேடி எடுத்துக் குடுத்துட்டுப் போங்க என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது. பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உன் அண்ணன் கையில் தையல் போட்ட பிறகு சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிட்டான். ஒருநாள் என்னைப் பார்க்க வந்தவன் என் கட்டிலைத் தாண்டிப் போய்க் கடிகாரக் கடைக்காரர் கட்டில் பக்கத்தில் நின்றான். அந்த அம்மாள் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர்தான் உட்காரச் சொன்னார், இவன் உட்காரவில்லை. ஏன் அடித்தாய் என்று அவர் கேட்கவில்லை. "உங்கப்பா கூப்பிடலன்னா எப்ப நிறுத்தியிருப்ப?" என்று மட்டும் கேட்டார். "தெரியலண்ணே" என்றான் இவன். என் பிள்ளை வாயிலிருந்து அவ்வளவு உண்மையான பேச்சை நான் கேட்டதில்லை.

நீ கேட்டதற்கு இப்போது வருகிறேன். படுத்துக்கொண்டு நிறைய யோசித்தேன். அவர் பயந்து போய் நின்றிருக்கலாம், புதிதாகப் பதவிக்கு வந்தவர், கூட்டத்தைக் கண்டு வாய் அடைத்திருக்கலாம் என்று அவருக்காக நானே வாதாடிப் பார்த்தேன். பயந்தவனை நான் மன்னித்துவிடுவேன். ஆனால் பயந்தவன் பாட்டுப் போடச் சொல்ல மாட்டான். அவர் படித்தவர், உழைப்பவர், அதிலெல்லாம் நான் குறை சொல்லவில்லை, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று சலூன் கடைக்காரர் இப்போதும் சொல்லி அனுப்புகிறார். கண் போன மனிதன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. ஒரு சொல்லால் ஒரு மனிதனைக் காப்பாற்ற முடியும் என்று தெரிந்தும் மைக்கை மூடியவரிடம் இத்தனை பேர் உயிரைக் கொடுத்துவிட்டு நான் எப்படித் தூங்குவது? எனக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை அம்மா. இதை நீ அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம், இணையத்தில் எதுவும் எழுதவும் வேண்டாம், இங்கே நாங்கள் இருக்கிறோம்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று உன் அண்ணன் சொன்னான். அடித்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும், சொல்ல ஆள் இல்லை, நான் சொல்கிறேன், முதல் பெயர் என்னுடையது என்றான். உன் அம்மா அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டாள், அவனோடு தானும் கிளம்பினாள். இன்று காலையில் போனார்கள். வாசலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதுவரை எழுதியபோது உன் அம்மா வந்துவிட்டாள். தனியாக வந்தாள். இன்ஸ்பெக்டர் முதலில் பேனாவை மூடி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போ தம்பி, இதெல்லாம் தானாக ஆறிவிடும் என்றாராம். இவன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எழுதாமல் போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். மத்தியானத்துக்கு மேல் எழுதினார்களாம், அவன் பெயரைச் சேர்த்து ஐந்து பெயர். மற்ற நால்வரையும் தேடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இவனை உள்ளே வைத்துவிட்டார்கள். உன் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து, நல்ல வக்கீல் யார் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்குப் பேச வராது என்பது மறந்துவிட்டது.

நீ இப்போது புறப்பட்டு வராதே. குழந்தையைக் குளிரில் வெளியே தூக்கிப் போகாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், யார் கைக்கும் பயப்படாமல், நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும், அப்பாவின் மனசு முழுக்க அதுதான். ஒன்றை மட்டும் மறக்காதே. அண்ணன்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், ஆனால் அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. எந்தச் சிறையில் வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் விலாசம் அனுப்புகிறேன்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா