கையெழுத்து அழிந்த இசைத்தட்டு

பிரியமுள்ள அத்தானுக்கு,

1954, கன்னி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. நீங்கள் கண்மூடிப் பதினான்கு நாளாயிற்று. நாளை மறுநாள் உங்கள் பதினாறாம் நாள் அடியந்திரம். பந்தலுக்குக் கால் நட்டாயிற்று. தேங்காய், இலை எல்லாம் வந்துவிட்டது. நான்தான் வீட்டோடு சேர்ந்த உங்கள் ஜவுளிக்கடை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே போக வெட்கமாக இருக்கிறது.

சுற்றிவளைக்க எனக்கு வராது. நீங்கள் உயிராய் வைத்திருந்த இசைத்தட்டைக் கெடுத்துவிட்டேன். நீங்கள் கொண்டாடிய நாடகப் பாடகர், அந்த ராஜபார்ட்டுக்காரர், கையெழுத்துப் போட்டுத் தந்த அதே தட்டு.

இதை ஊரில் நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். உங்கள் தகரப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தவர்களில் முதல் ஆள் நான். அந்தப் பாடகர் குடித்து வைத்த சோடாக் குப்பி, அவர் ஒட்டுமீசையிலிருந்து உதிர்ந்த மயிர், நாடக நோட்டீஸ்கள், பட்டுத்துணியில் சுற்றிய அந்த ஒற்றைச் செருப்பு. நாகர்கோவில் கொட்டகைக்கு வெளியே மழைச் சேற்றில் அவர் விட்டுப்போனதை நீங்கள் கையால் தோண்டி எடுத்தீர்களாமே? "மத்த செருப்பு எங்க அத்தான்?" என்று கேட்டேன். "அவரு கால்ல போயிட்டு மாப்ள. திரும்பி வந்தா ரெண்டையும் சேத்து வைப்பேன்" என்றீர்கள், சிரிக்காமல். நம் ஊர் புதுக்கடைச் சந்தையே உங்களைச் 'செருப்பு முதலாளி' என்றது. அது உங்கள் காதில் விழாமலா இருந்திருக்கும்?

போன வியாழக்கிழமை அக்கா அந்தத் தட்டை என் கையில் தந்தாள். மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"அடியந்திரத்தன்னைக்கு இதப் போடணும்லே. 'புதுக்கடை அன்பருக்கு'ன்னு அவரு எழுதினத வாறவன் எல்லாம் பாக்கணும். எங்க வீட்டுக்காரரக் கிறுக்கன்னு சொன்னவன் வாய மூடணும்."

நான் ஸ்பிரிட் குப்பியைத் திறந்தேன்.

"ஏலே, என்னத்த ஊத்துக? அவரு ஈரமில்லாத உலந்த துணியிலதான தொடைப்பாரு!"

"நாலு வருசமா மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுறவன் நான். எனக்குத் தெரியாதா? நீ போய்ச் சோத்தப் பாரு."

போய்விட்டாள். அத்தான், அந்தத் தட்டு அரக்கில் செய்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் தினமும் காயிலுக்கு வார்னிஷ் பூசுகிறேன். என் வேலையே அது. துணி கறுத்து வரும்போதுகூட அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கரைந்த கறுப்பு நடுவிலிருந்த காகிதத்தில் ஏறிக் கையெழுத்தை மூடிவிட்டது. சுழலவிட்டுப் பார்த்தேன். வாணலியில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அந்த மனுஷர் குரல் எங்கேயும் இல்லை.

அக்கா கேட்டபோது, "காயப் போட்டிருக்கேன்" என்றேன்.

இன்னும் கேவலம் பாக்கி இருக்கிறது. நேற்று நாகர்கோவில் போய் அதே பாட்டு இசைத்தட்டு புதிதாக ஒன்று வாங்கினேன். உங்கள் நோட்டீஸில் அச்சாகியிருக்கும் அவர் கையெழுத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதிப் பழகினேன். வரைபடம் போட்டுப் பழகிய கையல்லவா? நாலாவது தடவையே அச்சாக வந்துவிட்டது. அக்கா சந்தேகப்படவே மாட்டாள். "என் தம்பி தொட்டா எதுவும் சரியாயிரும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறவள் அவள்.

பேனாவைத் தட்டின் மேல் கொண்டுபோன பிறகுதான் கை நின்றது. நீங்கள் சேற்றைத் தோண்டினீர்கள், சந்தை சிரித்தது, ஆனால் அந்தச் செருப்பு நிஜம். பெட்டியில் பொய்யாக ஒன்றாவது இருந்ததா? உங்களைக் கிறுக்கன் என்றவர்கள் முன்னால் உங்கள் பெயரில் ஒரு கள்ளக் கையெழுத்தை வைக்க நான் யார்?

கீழே அக்கா சத்தம் கேட்கிறது. "காஞ்சிட்டாலே மக்கா?" என்று கூப்பிடுகிறாள். இனி நான் செய்யப்போவது:

1. கீழே போய் அக்காவிடம் சொல்வேன். கை தவறிப்போச்சு என்று சொல்ல மாட்டேன். நீ தடுத்தும் ஊற்றினேன் என்றே சொல்வேன்.

2. எழுதிப் பழகிய தாளை அவள் கண்முன் அடுப்பில் போடுவேன்.

3. புதுத் தட்டைக் கையெழுத்தில்லாமலே கொடுப்பேன். போடுவதும் போடாததும் அவள் இஷ்டம்.

4. அடியந்திரத்தன்று 'கையெழுத்து எங்கே?' என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல அவளை விடமாட்டேன். நானே பந்தல் நடுவில் நின்று, அழித்தவன் நான் என்று சொல்வேன்.

5. அவள் திட்டும்போது எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். இதுதான் எனக்குக் கஷ்டம். ஆனாலும் இது உங்களுக்கு நான் தரும் வாக்கு, அத்தான்.

யார் பேச்சையும் கேட்காத,
உங்கள் ஒரே மச்சினன்