குறைச்சல் யாருக்கு

ஜனவரி 21, 2025

இன்றும் கத்தினார். குழம்பில் உப்பு கூடிவிட்டதாம். தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் இதைவிட மோசமான குழம்பைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்ட மனுஷன். இப்போது என் பக்கம் திரும்பிப் படுத்தே பல மாதம் ஆகிறது. யார் அவள்? எங்கள் பட்டாசுக் கம்பெனியிலேயே இருக்கிறாளா?

ஜனவரி 28

மாமியார் கேட்கிறாள்: "ஓவியாவுக்கு ஒரு தம்பி வேண்டாமாத்தா? நீ கொஞ்சம் பூ வச்சு, நல்ல சேலை கட்டப்படாதா?"

கம்பெனி வேனிலும் இதே பேச்சு. பின் சீட்டிலிருந்து சங்கிலிமுத்து, "ஏலே முனியராஜு, மருந்து நமுத்துப்போச்சோ?" என்றார். வேனே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே என்னைக் கை காட்டினார். "அவகிட்டயே கேளு."

என்னை. அத்தனை பேர் முன்னால்.

பிப்ரவரி 7

வெடிமருந்து கலக்கும் ரூமிலேயே கண்ணசந்து சாய்ந்துவிட்டாராம். போர்மேன் வெளியே இழுத்துப்போட்டு ஏசியிருக்கிறார். இது வேறொரு பொம்பளைச் சங்கதி இல்லை. விருதுநகர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டாவது போவேன்.

பிப்ரவரி 14

இந்த வாரம் இரண்டு நாள் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. ஆம்பளைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்று ஒன்று சுரக்குமாம், அது இவருக்கு ரொம்பக் குறைவு. அசதி, எரிச்சல், ஆசையில்லாமல் போனது எல்லாம் அதனால் வரலாமாம்.

"மருந்துத் தூளாலயா டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"அதை இப்பச் சொல்ல முடியாது. தொப்பை, சர்க்கரை, குடி, குறட்டையால கெட்டுப்போன தூக்கம், இதெல்லாம் அதை இறக்கிரும். சாயங்காலம் என்ன சாப்பிடுறீங்க?"

கலக்குகிற ஆட்கள் எல்லாரும் சாப்பிடுவதுதான். உள்ளே போன தூள் கரையட்டும் என்று கட்டி கட்டியாக வெல்லம், அரைச் சீப்பு வாழைப்பழம், அதற்கு மேல் ஒரு குவார்ட்டர். வெல்லத்தை உடைத்துத் தட்டில் வைத்துக் கொடுப்பது மாமியார். சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கியது நான்.



பிப்ரவரி 15

யாரிடமும் சொல்லக் கூடாதாம். "வெளிய தெரிஞ்சா எம் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

அப்போ எம் மூஞ்சிய நான் எங்கன வச்சிருந்தேன்? அவருக்குன்னா ரகசியம், எனக்குன்னா வேன் முழுக்கப் பேச்சா? சொல்லிவிட்டேன்: "அதே வேனுல வச்சு நீங்க உண்மையச் சொல்ற வரைக்கும் நான் இங்கன இருக்க மாட்டேன்." ஓவியாவோடு ஆமத்தூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 6

போன் பண்ணினார். வெல்லத்தை விட்டாச்சாம், குடியையும் விட்டாச்சாம், காலையில் நடக்கிறாராம். வேனுல சொல்லிட்டீகளா என்றேன். மறுபடி நடக்கிறதைப் பற்றியே பேசினார். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3

நேற்று அவரே வந்து, நாளை வேனில் உன் முன்னாலேயே சொல்கிறேன் என்று கூட்டிவந்தார். இன்று வேனில் சங்கிலிமுத்து வாயைத் திறந்ததுமே எழுந்து நின்றார். "குறைச்சல் எனக்குத்தாம்லே. வைத்தியம் பாக்குறேன். இனி எவனும் எம் பொண்டாட்டியப் பேசக் கூடாது." யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் முழுசாக ஆறவில்லை, ஆனாலும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் தண்ணீர்த் தொட்டியடியில் சங்கிலிமுத்து வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "தங்கச்சி, அந்த டாக்டரு விருதுநகர்ல எங்கன இருக்காக?"

சங்கிலிமுத்து வீட்டுக்காரி பிள்ளை வரம் வேண்டி வருஷம் பூராவும் விரதம் இருந்து ஒட்டிப்போய்க் கிடக்கிறாள். தெருவுக்கே தெரியும்.

"மொதல்ல அக்காகிட்ட உங்க சங்கதியச் சொல்லுங்கண்ணே," என்றேன். "அக்கா வந்து கேக்கட்டும். அவுககிட்டத்தான் சொல்லுவேன்."