கேத்தலுக்குள் ஒரு மனிசி

அன்பின் மஸீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் நான் சுகம். அக்குறணையில் நீயும் பிள்ளைகளும் உம்மாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

நீ ஃபேஸ்புக்கில் விற்கப் போடும் சாமான்களின் படங்களை இந்த அறையில் ஆறு பேரும் சேர்ந்துதான் பார்க்கிறோம். ஜன்னல் வெளிச்சத்தில், பின்னால் நான் உடுத்திய வெள்ளைச் சாரத்தைத் திரையாகக் கட்டி நீ எடுத்தால், பிளாஸ்டிக் வாளிக்கும் நல்ல குடும்பத்துக் களை வந்துவிடுகிறது. என்னிடம் இருந்தபோது அந்தச் சாரம் இவ்வளவு மதிப்பாக வாழவில்லை.

நேற்று நீ போட்டது தேத்தண்ணி கொதிக்க வைக்கும் எவர்சில்வர் கேத்தல்.

"நிஸ்தார் நானா, கேத்தலுக்குள்ள ஒரு மனிசி இரிக்கி!" என்றான் பக்கத்துக் கட்டில் பவாஸ்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கேத்தலின் பளபளப்பில், முக்காடு இல்லாமல், போனும் கையுமாக நீ. சட்டென்று போனைக் கவிழ்த்து, "அது ஜன்னல் சீலைடா" என்றேன்.

ஊரார் கண்ணில் படுமுன் அது மறைய வேண்டுமே! கொழும்பு ஹாஜியார் என்ற பேரில் உடனே ஓடர் போட்டது நான்தான். நீயும் 'விற்றாச்சு' என்று படத்தை எடுத்துவிட்டாய். கேத்தலை வீட்டிலேயே வைத்துக்கொள். பளபளக்கும் சாமான்களை இனிப் பக்கவாட்டில் நின்று எடு.

வீடியோ கோலில் நீ எப்போதும் போனைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிவிடுகிறாய். அதனால் என் போனில் எடுத்து வைத்த அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை.

பவாஸ் லீவில் வருகிறான், கடிதத்தை அவன் கையில் கொடுக்கிறேன். கீழே அவனை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப் போகும் வேன் ஹோர்ன் அடிக்கிறது. அதே கேத்தலை வைத்து எனக்கு மட்டும் இன்னொரு படம் அனுப்பு. இந்த முறை கொஞ்சம் கிட்ட நின்று எடு.

நிஸ்தார்