மூன்றாவது பேச்சில் வந்த படம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று தொடங்கத்தான் ஆசை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் மூன்று நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. துறைமுகக் கிடங்கு வேலை பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய். முதுகு வலியைப் பற்றி எழுதவில்லை. இருக்கும், எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகப் பெரிய அரங்கில் பேராசிரியர்கள் மூன்று பேர் பேசினார்கள். வழக்கம்போலப் பின்னால் கண்ணாடி அறையில் மைக், ஒலிபெருக்கி, திரை எல்லாம் என் பொறுப்பு.

முதலில் மூளையைப் பற்றி ஆராயும் அம்மா பேசினார். தூக்கம் கெட்டால் படித்தது எதுவும் தங்காது, ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான் என்றார். அடுத்துப் பொருளாதாரப் பேராசிரியர். படிப்பைப் பாதியில் விடும் ஒவ்வொரு பிள்ளையும் நாட்டின் வளர்ச்சிக்கு இழப்பு என்று கோடு கோடாகப் போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டில் நீ எந்த இடத்தில் இருக்கிறாய் என்று தேடினேன். அதுவரை கோபமில்லை.

மூன்றாவது உன் துறைப் பேராசிரியர். தலைப்பு, ‘மாணவர்களுக்கு ஊக்கம் ஏன் இல்லை’. பேச்சின் நடுவே திரையில் ஒரு படம் வந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்குகிறான். முகத்தை மறைத்திருந்தார். தூங்கும்போது இடது கையால் வலது காதைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? தொட்டிலிலிருந்து பார்க்கிறேனே. இதுக்கு மருந்து எந்தக் கடையில விக்குது என்று அவர் கேட்டார். அரங்கமே சிரித்தது. ஒலியைச் சரிபார்க்கக் காதில் கருவியை மாட்டியிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு இரண்டு மடங்காகக் கேட்டது.

கேள்வி நேரத்தில் மாணவர்களிடம் கொடுக்க வேண்டிய மைக்கை நானே பிடித்துக்கொண்டு நடு வழியில் நின்றேன். படத்தில் இருப்பவன் என் தம்பி என்றேன். எங்கள் அப்பா ஒருபக்கம் கைகால் விழுந்து பத்து மாதம் படுக்கையில் கிடந்தார், புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், விடியும்வரை அதைச் செய்துவிட்டுத்தான் இவன் உங்கள் வகுப்புக்கு வந்தான் என்றேன். படம் எடுக்க நேரம் இருந்துச்சே, தட்டி எழுப்பி ஏன்டா தூங்கறேன்னு கேக்க நேரம் இல்லையா சார் என்று கேட்டேன்.

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு, முகத்த மறைச்சுத்தானம்மா போட்டேன் என்றார். அதுதான் பதில், தம்பி. அப்பா போன மறுமாதமே, வருகைப்பதிவு போதவில்லை என்று உன்னைப் பரீட்சை எழுதவிடாமல் அனுப்பிய தாளில் இருந்ததும் இவருடைய கையெழுத்துதான். ஊக்கமாம், ஊக்கம்.

மறுநாள் அரங்க அதிகாரி கூப்பிட்டு, ஊழியர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதிய தாளை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பேராசிரியர் அந்தப் படத்தை எடுத்துவிட்டதாக ஆள் விட்டுச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வழியில் எங்கோ தவறி விழுந்துவிட்டது போலிருக்கிறது.

மூளை அம்மாதான் என் அறையைத் தேடி வந்தார். அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் காட்டினால் உன்னை மறுபடி சேர்த்துக்கொள்ள விதி இருக்கிறதாம். துணைவேந்தரிடம் தானே வந்து பேசுவதாகச் சொன்னார். இத்தனை நாள் ஒருவரும் நம்மிடம் இதைச் சொல்லவில்லை பார். சீட்டுகளை எல்லாம் தேடி எடுத்துவிட்டேன். படிவம் இத்துடன் இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

வீட்டு விஷயத்தைச் சபையில் போட்டு உடைத்துவிட்டாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் ஒன்று. காலையில் வேலைக்குப் போகணும் என்று சொல்லி முன்னிரவை நான் எடுத்துக்கொண்டு, பின்னிரவை உன் தலையில் கட்டினேன். உனக்கும் காலையில் வகுப்பு இருந்தது. நீ எப்போதடா தூங்குவாய் என்று நானும்தான் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பு, கண்ணு. என்னைத் திட்ட வேண்டியதையும் எழுதி அதே உறையில் வை. இரண்டையும் வாங்கிக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா